ஏற்றத்தில் மிதித்தால் உதறும் ஆம்னி... கிளட்சை மாற்றலாமா?

"எங்களிடம் 1999-ம் ஆண்டு மாடல் மாருதி ஆம்னி இருக்கிறது. கேரட், பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கும், பூண்டு அறுவடை நேரத்தில் மலையிறங்கி வடுகபட்டிக்கும் போய் வருவோம். பாரம் தாங்க வேண்டும் என்பதற்காகப் போன வருடம் பின்பக்கம் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை போட்டோம். சில மாதங்களாக ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி உதறுகிறது. ஒரு மெக்கானிக் கிளட்ச் பிளேட் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் இன்ஜினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர் சக்கரத்தில்தான் கோளாறு என்கிறார். கிளட்சை மாற்றலாமா, அல்லது வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?"

- வாசகர் ஒருவர், பூம்பாறை, கொடைக்கானல்.

கிளட்ச் வேலைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அரை மணி நேரம் செலவழித்து வண்டியை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கிளட்ச், இன்ஜின், சக்கரம் மூன்றுமே வண்டியை உதறவைக்கும். அதனால் மூன்று மெக்கானிக்குகளில் யாரையும் தப்பு சொல்வதற்கில்லை. ஆனால், இந்த மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உதறுவதில்லை. 'எப்போது உதறுகிறது?' என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைத்தாலே, 'எங்கே கோளாறு?' என்பதில் பாதி தெரிந்துவிடும். வாசகரின் கடிதத்தில் அந்த விவரம் இல்லை. அதைவிட முக்கியமான வேறொரு விவரம் இருக்கிறது. அது அந்தக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை. அதைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் காசு செலவில்லாத வேலை. வண்டியின் அடிப்பாகத்தையும் நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மேல்மலைத் தோட்டப் பாதைகளில் மழைக்காலத்தில் ஒட்டும் சேறு, சக்கர ரிம்மின் உள்பக்கம் காய்ந்து கட்டியாகிவிடும். ஒரு கைப்பிடிச் சேறு ஒரு பக்கமாக ஒட்டியிருந்தாலே சக்கரத்தின் பேலன்ஸ் கெட்டுவிடும். பிராப்பலர் ஷாஃப்டில் ஒட்டினாலும் இதே கதைதான். கழுவிய பிறகு உதறல் நின்றுவிட்டால் அதோடு சரி. நிற்கவில்லை என்றால் அடுத்த வேலை.

சோதனையை மலைப்பாதையில் செய்ய வேண்டாம். மலையிறங்கிய பிறகு தேவதானப்பட்டி, பெரியகுளம் பக்கம் சமமான, கூட்டமில்லாத சாலையாகப் பார்த்துச் செய்யலாம். ஓட்டுபவர் சாலையைப் பார்க்க வேண்டும் என்பதால், குறிப்பு எழுத இன்னொருவர் உடன் இருப்பது நல்லது.

வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து முதல் கியரில் மெதுவாக எடுக்க வேண்டும். கிளட்ச் பெடல் பாதி மேலே வரும் நேரத்தில் மட்டும் தடதடவென்று உதறி, பெடலை முழுதாக விட்டதும் நின்றுவிட்டால், மெக்கானிக் சொன்னபடி அது கிளட்சாக இருக்கலாம். ரிவர்ஸ் கியரிலும் அப்படியே செய்து பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயில் கசிந்து பிளேட்டில் பட்டிருந்தாலோ, ஏற்றத்தில் பாதிக் கிளட்சிலேயே நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பிளேட் தீய்ந்திருந்தாலோ இப்படி ஆகும். ஆனால், பெடலிலிருந்து காலை எடுத்து வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும் உதறல் தொடர்ந்தால் பழி கிளட்ச் மேல் இல்லை. தேய்ந்த கிளட்ச் அந்த நேரத்தில் வழுக்கும். அதாவது இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. உதறாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கிளட்ச் செட் மாற்றிவிட்டு, மறுநாளும் அதே உதறலோடு திரும்பி வந்தவர்கள் ஏராளம்.

அடுத்து, மூன்றாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்து வேகம் எடுக்க வேண்டும். உதறல் வந்த உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். கியர் அப்படியே இருக்கட்டும். காலை எடுத்த பிறகும், அதே வேகத்தில் உதறல் தொடர்ந்தால் அது சக்கரம், டயர் சம்பந்தப்பட்டது. டயர் ஒரு பக்கம் வீங்கியிருக்கலாம், ரிம் அடிபட்டிருக்கலாம். காலை எடுத்ததும் கையால் துடைத்தது போல் நின்றுவிட்டால் சக்கரத்தை விட்டுவிடலாம். இழுவை விழும்போது மட்டும் வெளிப்படும் கோளாறு அது. இன்ஜின் மிஸ்ஸிங், இன்ஜினைத் தாங்கும் பவுண்டேஷன் ரப்பர், பிராப்பலர் ஷாஃப்டின் கிராஸ் ஆகிய மூன்றில் ஒன்று.

இந்த மூன்றையும் பிரிக்க இன்னும் ஒரு சோதனை போதும். உதறல் எந்த வேகத்தில் வந்ததோ, அதே வேகத்தை வேறு கியரில் பிடித்து மிதிக்க வேண்டும். எந்தக் கியராக இருந்தாலும் அதே சாலை வேகத்தில்தான் உதறுகிறது என்றால், கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. அதாவது பிராப்பலர் ஷாஃப்டிலோ பின் ஆக்சிலிலோ. கியர் மாறினால் உதறும் வேகமும் மாறுகிறது, இன்ஜினின் சத்தத்தோடு சேர்ந்து வருகிறது என்றால் கோளாறு முன்னால், இன்ஜின் பக்கம்.

ஓர் எச்சரிக்கை. சோதனை என்ற பெயரில் மலை இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு வண்டியை விடக் கூடாது. டீசல், பெட்ரோல் மிச்சம் என்று சிலர் வழக்கமாகவே இதைச் செய்கிறார்கள். இன்ஜின் பிடிப்பு இல்லாமல், இறக்கம் முழுவதும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். மிச்சமாகும் பெட்ரோலுக்கு அது ரொம்ப அதிக விலை.

மிஸ்ஸிங் என்றால்...

ஆம்னியில் இருப்பது 796 சி.சி, மூன்று சிலிண்டர் இன்ஜின். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று வேலை செய்யாவிட்டால் கால் பங்கு சக்தி போகும். இதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மீதி இரண்டு சிலிண்டர்கள் ஒற்றைக்காலில் நொண்டுவது போல இழுப்பதால் வண்டியே ஆடும். சமதளத்தில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் பாரத்தோடு மிதிக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் வருவதற்குக் காரணம் உண்டு. முழுதாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகமாகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி விழ அதிக வோல்ட் தேவை. தேய்ந்த பிளக், விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பழைய ஹை டென்ஷன் வயர் இவற்றில் எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கே மின்சாரம் வெளியே கசிந்துவிடும். பிளக்கில் பொறி விழாது.

கொடைக்கானலின் மூடுபனியும் சாரலும் இந்தக் கசிவுக்குத் தோதானவை. மழை நாளிலும் அதிகாலையிலும் உதறல் அதிகம், வெயில் ஏறியதும் குறைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். இருட்டிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, முன் சீட்டைத் தூக்கிப் பார்த்தால், வயரின் மேல் நீல நிறத்தில் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஓடும்போது வயரைக் கையால் தொடக் கூடாது. அதில் போவது பல ஆயிரம் வோல்ட்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பாதி வைத்தியம். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எண்ணெய் பசையோடு ஈரமாக இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது; அப்போதுதான் இன்ஜினை இறக்கும் பேச்சு நியாயமானது. மூன்று பிளக்குகளையும் எந்தச் சிலிண்டரிலிருந்து எடுத்தது என்று அடையாளம் வைத்து வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்கலாம். ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தால் அந்த ஒரு சிலிண்டரின் வயர், பிளக், வால்வு என்று தேட வேண்டும்.

1999 மாடல் என்றால் பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டியாகத்தான் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. கீழே கொடுத்த அளவிலேயே பெட்ரோலைக் கொடுக்கும். அதனால் கீழே டியூனிங் செய்த வண்டி மேலே வந்ததும் கறுப்புப் புகை விட்டுத் திணறும். மேலே ஓடும் நாள்கள்தான் அதிகம் என்றால் டியூனிங்கையும் மேலேயே செய்வதுதான் சரி. பனிக்கால விடியலில் இழுத்த சோக் முழுதாக உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டாலும் இதே அறிகுறி வரும். சோக் கேபிளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்துபோகும் கோளாறுக்கு, கார்புரேட்டரையே மாற்றச் சொல்வதும் நடக்கிறது.

ஏற்றத்தில் முதல் அரை கிலோமீட்டர் நன்றாக இழுத்துவிட்டு, பிறகு விட்டு விட்டு இழுக்கிறது, ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் கழித்து எடுத்தால் மறுபடி சரியாகிறது என்றால் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. பெட்ரோல் ஃபில்டரை மாற்றிவிட்டுத்தான் அடுத்ததை யோசிக்க வேண்டும்.

மிஸ்ஸிங்கோடு வண்டியை நாள்கணக்கில் ஓட்டுவது கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாக வெளியேறும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளில் அது உள்ளேயே எரிந்து, கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் மலையில் புல் காய்ந்து கிடக்கும்போது அப்படிப்பட்ட வண்டியைப் புல்மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ஸ்பிரிங் பட்டையும் கிராஸும்

வாசகரின் கடிதத்தைப் படிக்கும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடத்தைத்தான். ஆம்னியில் இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். இரண்டையும் இணைப்பது பிராப்பலர் ஷாஃப்ட். அதன் இரண்டு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட் உண்டு. பட்டறைகளில் 'கிராஸ்' என்றால் எல்லோருக்கும் புரியும். பின் ஆக்சில் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது, ஷாஃப்ட் மடங்கிக் கொடுத்துக்கொண்டே சுற்றுவதற்காக இந்த ஏற்பாடு.

இந்த ஜாயின்டில் ஒரு சங்கடம் இருக்கிறது. கோணமாக மடங்கிச் சுற்றும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கோணம் அதிகமாக ஆக, இந்த ஏற்ற இறக்கமும் அதிகமாகும். முன் கிராஸ் உண்டாக்கும் இந்தக் குலுக்கலைப் பின் கிராஸ் எதிராகச் செய்து சரிக்கட்ட வேண்டும். அதற்கு இரண்டு முனைகளின் கோணமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். கூடுதல் பட்டை போட்டதும் வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கிறது. ஆக்சிலின் சாய்வும் மாறியிருக்கலாம். பாரம் ஏற்றும்போது ஒரு கோணம், காலியாகத் திரும்பும்போது இன்னொரு கோணம். சரிக்கட்டுதல் கெட்டு, கிராஸும் சீக்கிரம் தேய்கிறது. எனவே, பாரத்தோடு போகும்போது உதறல் அதிகமா, காலியாக வரும்போது அதிகமா என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் தெளிவான வித்தியாசம் இருந்தால், பட்டைக்கும் உதறலுக்கும் தொடர்பு இருக்கிறது. பட்டை போட்டதால் வண்டியின் சுமை தாங்கும் திறன் கூடிவிட்டது என்று நினைப்பதும் தவறு. ஸ்பிரிங் தாங்கும், சரி. ஆக்சிலும் டயரும் பிரேக்கும் பழைய அளவுதானே!

கிராஸ் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கும், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கும் மாற்றி எடுக்கும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, நான்கு சக்கரங்களுக்கும் முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கிராஸுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்க்க வேண்டும். கிராஸில் கொஞ்சம்கூட ஆட்டம் தெரியக் கூடாது. மூடிகளைச் சுற்றிச் செங்கல் பொடி போலத் துரு கொட்டியிருந்தால், உள்ளே இருக்கும் ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் தேய்ந்துவிட்டது என்று பொருள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். குழி உள்ள பட்டறையிலோ, ஸ்டாண்ட் வைத்தோ பார்க்கலாம்.

கிராஸ் சில நூறு ரூபாய் சமாச்சாரம்தான். ஆனால், மாற்றும்போது ஒரு கவனம் தேவை. ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் முன்பக்கமும் பின்பக்கமும் எது எதோடு சேர்ந்திருந்தது என்று பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு முனைகளின் கவட்டைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மாறிப் பூட்டிவிட்டால் புதுக் கிராஸ் போட்ட பிறகு உதறல் முன்பைவிட மோசமாகும். ஷாஃப்டின் மேல் பற்றவைத்திருக்கும் சிறு இரும்புத் துண்டுகளை அழுக்கு என்று நினைத்துத் தட்டி எடுத்துவிடவும் கூடாது. அவை பேலன்ஸுக்காக வைக்கப்பட்டவை.

பவுண்டேஷன் ரப்பரில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜின் ஆயிலில் ஊறி, கிழிந்து தொங்குவது கண்ணால் பார்த்தாலே தெரியும்.

இவற்றில் மிஸ்ஸிங்கை இரண்டு நாள் தள்ளிப்போடலாம். பவுண்டேஷன் ரப்பரைச் சம்பளம் வரும் வரை, பூண்டு விற்கும் வரை தள்ளலாம். கிராஸில் ஆட்டம் தெரிந்தால் பாரத்தோடு மலைப்பாதையில் இறங்கவே கூடாது. ஓடும்போது கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் கழன்று தரையில் அடிக்கும், பக்கத்தில் இருக்கும் பைப்புகளை வெட்டும். அந்த நொடியிலேயே இன்ஜின் பிடிப்பும் போய்விடும். இறக்கத்தில், முதுகில் பூண்டு மூட்டைகளோடு, பிரேக் ஒன்றை மட்டும் நம்பி நிற்க வேண்டியிருக்கும். வண்டியைத் தள்ளிவிடுவதா வேண்டாமா என்பதை கிராஸ், பிளக், வயர், ஃபில்டர் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். பாடியும் சேஸிஸும் துருப்பிடிக்காமல் இருந்தால் இந்த உதறலுக்காக விற்க வேண்டியதில்லை.

மாருதி 800, ஆல்ட்டோ போன்ற முன்சக்கர இழுவை வண்டிகளில் பிராப்பலர் ஷாஃப்ட் கிடையாது. அவற்றில் நேராகப் போகும்போது மிதித்தால் மட்டும் உதறினால் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்டையும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் வெளிப்பக்க ஜாயின்டையும் பார்க்க வேண்டும். மேலே மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்ததுமே மாற்றிவிட்டால் ஜாயின்ட் பிழைத்துக்கொள்ளும்.

"காபித் தோட்டத்தில் பழைய மஹிந்திரா டீசல் ஜீப் வைத்திருக்கிறோம். தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியதும், வளைவுகளில் இழுத்துப் பிடித்தது போல உதறுகிறது. என்ன செய்வது?"

- வாசகர் ஒருவர், தாண்டிக்குடி.

ஃபோர் வீல் கியர் லீவரை முதலில் பாருங்கள். சேற்றில் போட்ட ஃபோர் வீலை எடுக்காமலே தார்ச்சாலைக்கு வந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். ஃபோர் வீலில் இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால், சேற்றில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க வழியில்லாமல் முறுக்கிக்கொள்ளும். லீவரை டூ வீலுக்கு மாற்றிய பிறகும் விடுபடவில்லை என்றால், ஆள் யாரும் இல்லாத சமமான இடத்தில் சில அடி பின்னால் எடுத்தால் முறுக்கு விடும்.

அதன் பிறகும் உதறினால் கிராஸ்களைப் பார்க்க வேண்டும். பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால், பிராப்பலர் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் வகையில் இருக்கிறது. அந்த வண்டிகளில் கிராஸ் உடைந்தால் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். வண்டியை ஏற்றத்தில் நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வைக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

நேராகப் போகும்போதும் திணறி உதறினால் டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, தண்ணீர் போய்ச் சுத்தமான டீசல் வரும் வரை விட்டு மூடிவிட்டு, லைனில் புகுந்த காற்றை எடுத்துவிட வேண்டும்.

"எங்கள் பழைய மாருதி 800, மழைக்காலத்தில் இரண்டு, மூன்று மாதம் எடுக்காமல் நிறுத்தியிருந்து எடுத்தால் உதறுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா?"

- வாசகி ஒருவர், பண்ணைக்காடு.

காரணமாக இருக்கலாம். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க் பெட்ரோலோடு ஈரமான மலைக்காற்றில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், ஈரம் அளவுக்கு மேல் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் முதலில் இன்ஜினுக்குப் போவது அதுதான். டேங்கில் நெடுநாளாகப் படிந்திருந்த கசடையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும், அது ஃபில்டரை அடைக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்கள் இவ்வளவு எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி வெடித்திருக்கின்றனவா, பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பார்த்து, எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிறுத்தி வைக்கும் காலத்தில் டேங்கை நிரப்பி வைத்தால், காற்றுக்கும் ஈரத்துக்கும் இடம் குறையும். வாரம் ஒருமுறையாவது கால் மணி நேரம் சாலையில் ஓட்டிவிட்டு நிறுத்தலாம். நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பதால் பிளக்கில் கரிதான் சேரும்.